முகத்தில் விழுந்த நிழல்: தோட்டத்து மக்களின் கறுப்பு வெள்ளை உருவப்படங்கள்



மொழியியல் கற்ற ஒருவன் நிழற்படங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் படக்கருவியைக் கையாண்டு தொழில் செய்தவன் அல்லன். ஆயினும் பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பேச்சு வழக்குகளைத் திரட்டச் சென்ற ஆண்டுகளில், சொற்களைக் கேட்கச் சென்ற எனக்குப் படங்களே மிகுதியாகக் காட்டப்பட்டன. ஓர் உறவுமுறைச் சொல்லைக் கேட்டால் தகரப்பெட்டியைத் திறந்து, அவ்வுறவினரின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் விளக்கம் தொடங்குவார்கள். அப்படங்களில் உள்ள முகங்களை நாம் எங்ஙனம் வாசிக்கிறோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். முகத்தை வாசிப்பதற்கும் பழைய ஏட்டை வாசிப்பதற்கும் மிகுந்த ஒற்றுமை உண்டு என்பது என் கருத்து.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். படக்கருவியால் எடுக்கப்படும் படத்திற்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஒளிப்படம் என்பர் சிலர். நிழற்படம் என்பர் சிலர். புகைப்படம் என்பதே பெருவழக்கு. ஒரே பொருளை ஒளி என்றும் நிழல் என்றும் புகை என்றும் அழைக்கும் வழக்கு வேறு மொழிகளில் இருப்பின் அறிந்தோர் சொல்லுக. மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கிய காலத்தில் எழுந்த புகையோடு மூன்றாவது பெயரை இணைத்துக் கூறுவோர் உளர். அதனை இங்கே விரிக்க விரும்பவில்லை. மற்ற இரண்டே நமக்கு வேண்டியவை.

ஒளியும் நிழலும் முரண்சொற்கள் என்றே பள்ளியில் கற்பிக்கிறோம். எதிர்ச்சொல் எழுதுக என்று வினாத்தாளிலும் கேட்கிறோம். ஆனால் பழந்தமிழில் நிழல் என்னும் சொல்லின் பொருட்பரப்பு மிகப் பெரிது. மரத்தடி நிழல் முதற்பொருள். குளிர்ச்சி, அருள், காப்பு என்பன அதிலிருந்து கிளைத்தவை. மன்னனின் குடைநிழல் என்னும்போது அங்கு இருள் எதுவும் இல்லை. நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் உருவத்திற்கும் நிழல் என்றே பெயர். இவற்றுக்கும் மேலாக, ஒளி என்னும் பொருளிலேயே நிழல் என்ற சொல்லைச் சங்கப் புலவர் ஆண்டுள்ளனர். மணியின் ஒளியை நிழல் என்று சொல்வது அவர்களுக்கு இயல்பு. அகநானூற்றுப் பாடல் ஒன்றில், கண்ணாடியில் ஊதிய மூச்சின் படலம் மெல்ல மெல்லச் சுருங்கி மறைவது உயிர் தேய்வதற்கு உவமையாக வருகிறது. அங்கே கண்ணாடியைக் குறிக்கும் தொடர் நிழலைக் காணும் வட்டம் என்ற பொருளுடையது. எனவே நிழற்படம் என்னும் பெயரை வைத்தவர் அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்துவிட்டார். கறுப்பு வெள்ளை உருவப்படத்தில் நிழல் என்பது ஒளி இல்லாத வெற்றிடம் அன்று. மூக்கின் உயரத்தையும் கன்னத்தின் குழிவையும் வயதையும் களைப்பையும் நமக்குச் சொல்வது நிழலே. முழு வெளிச்சத்தில் முகம் வெறும் வட்டமாகிவிடுகிறது.

உணர்ச்சியையும் நம் மொழி முகத்தின் வெளிச்சமாகவும் நிறமாகவுமே பேசுகிறது. மகிழ்ந்தவன் முகம் ஒளிர்கிறது. அஞ்சியவன் முகம் வெளிறுகிறது. மனம் புண்பட்டவள் முகம் கறுக்கிறது, சினந்தவன் முகம் சிவக்கிறது. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியை உணர்த்தும் என்கிறார். அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதை அதன் பின்னரே சொல்கிறார். சினம் முன்னே, நிறம் பின்னே. இவ்வரிசை எனக்கு எப்போதும் சுவையானது.

இதனை இங்கே கூறக் காரணம் உண்டு. பழைய படத்தகடுகளில் கறுப்பும் சிவப்பும் உண்மையாகவே ஒன்றாகிவிட்டன. தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே உணர்ந்தன. 1873இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் ஃபோகல், சாயம் கலந்தால் தகடு பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டார். அவ்வழியில் வந்தவை ஆர்த்தோகுரோமேட்டிக் எனப்படும் தகடுகளும் சுருள்களும். அவையும் சிவப்பைக் காணமாட்டா. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு 1906 முதல் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆயினும், சிவப்பு விளக்கொளியில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்னும் வசதியால் பழைய வகையை நிலையக்காரர்கள் நெடுங்காலம் கைவிடவில்லை.

சிவப்பைக் காணாத தகட்டின் முன் நம்மவர் ஒருவர் அமர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நெற்றியிலுள்ள குங்குமம் கரும்பொட்டாகும். வெற்றிலை போட்ட உதடு மையிட்டது போல் இருளும். நம் மாநிறத் தோல் சிவப்பு, மஞ்சள் கதிர்களையே மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், கண் காண்பதைவிடப் பல படி கறுத்துத் தோன்றும். தோலிலுள்ள சிறு தழும்பும் புள்ளியும் மிகைப்படும். அரக்குச் சேலை கறுப்பாகும். வெளிர்நீலச் சேலையோ வெள்ளையாகும். மணக்கோலத்தில் வந்தவள் துக்கத்தில் இருப்பவளாகவும், சுமங்கலி கைம்பெண்ணாகவும் தோன்ற இடம் உண்டு. எந்தப் படக்காரரும் வேண்டுமென்று செய்ததன்று இது. ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைக் கையில் எடுக்கும் பேரன் இதை அறியமாட்டான்.

இனி நிலையத்துக்குள் செல்வோம். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலத்தில் ஈப்போ, பத்துகாஜா, கம்பார் முதலிய ஊர்களில் படநிலையங்கள் தோன்றின. பெரும்பாலானவை சீனர் நடத்தியவை. சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிறு, தீபாவளி, திருமணம், குழந்தைக்கு மொட்டையடித்த நாள் ஆகியவையே தோட்டத்தார் படம் எடுக்க நகருக்கு வரும் வேளைகள். பொழுது விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்று, நண்பகல்வரை மரநிழலிலேயே இருந்து, லயத்துக்குத் திரும்பும் மக்கள் அவர்கள். பிரட்டுக்களத்து வெளிச்சத்தில் பெயர் கூப்பிடப்பட்டு நிற்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. தமக்கென ஒருவர் விளக்கைத் திருப்பி வைத்து, தம் முகத்தையே உற்றுப் பார்த்து, தலையைச் சற்றே சாய்க்கச் சொல்வது நிலையத்தில் மட்டுமே நிகழ்ந்தது.

திரைச்சீலையில் தூண்களும் பூந்தோட்டமும் வரையப்பட்டிருக்கும். இரவல் கைக்கடிகாரம், சட்டைப்பையில் செருக மூடிபோட்ட பேனா, ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. முகத்தில் பவுடர். இந்தப் பவுடரைப் பற்றி இளைஞர் நகைப்பர். வெள்ளைக்காரனைப் போலத் தோன்றும் ஆசை என்பர். ஆசை இருந்திருக்கலாம். ஆனால் தகடு முகத்தைக் கறுப்பாக்கிவிடும் என்பதைப் படக்காரரும் அறிவார், படம் எடுத்துக்கொண்டவர்களும் முதற்படத்திலேயே கண்டிருப்பார்கள். பவுடர் தகட்டின் குறையை ஈடுகட்டும் முயற்சியும் ஆகும். அது அளவு மீறினால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகி, கழுத்து வேறு நிறமாக நிற்கும். அதன்பின் எதிர்மறைத் தகட்டில் கூரிய பென்சிலால் திருத்தம் நடக்கும். தகட்டில் கரி படிந்த இடம் அச்சில் வெளுக்கும் என்பதால், கண்ணுக்குக் கீழுள்ள குழிவையும் நெற்றிக் கோட்டையும் பென்சில் நிரப்பிவிடும். தகடு கூட்டிய கறுப்பைப் பவுடர் குறைத்தது. பவுடருக்கு எட்டாத நிழலைப் பென்சில் அழித்தது. இவ்வளவும் கடந்து வந்த முகத்தைத்தான் நாம் பாட்டனின் முகம் என்கிறோம்.

விளக்கு வைக்கும் முறையிலும் ஒரு கலப்பு நேர்ந்தது. ஐரோப்பியப் பயிற்சி பெற்றவர்கள் முதன்மை விளக்கை ஒருபுறம் சற்று உயரத்தில் வைத்து, மறுபக்கக் கன்னத்தில் சிறு முக்கோணமாக ஒளி விழச் செய்வர். 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ரெம்பிரான்ட் பெயரால் அது அழைக்கப்படுகிறது. முகத்தின் பாதி இருளில் இருக்கும். பார்ப்பவர் மனம் அப்பாதியை இட்டு நிரப்பும். சீனரின் முன்னோர் ஓவிய மரபோ இதற்கு நேர்மாறானது. முகம் நேராக, இரு பக்கமும் ஒத்து, நிழலின்றித் தீட்டப்படும். ஈப்போ நிலையங்களில் எடுக்கப்பட்டு நான் கண்ட தமிழர் படங்களில் நேர்நோக்கும் சமவெளிச்சமும் முழங்கால்மேல் விரித்த கைகளுமே மிகுதி. நம் பாட்டிமார் அமர்ந்திருக்கும் அந்த விறைப்பில் சீன முன்னோர் மரபின் சாயல் படிந்திருக்கிறது என்றே கருதுகிறேன். மலாய், சீனச் சொற்கள் நம் பேச்சில் கலந்ததை ஆராய்கிறோம். உடல் நிற்கும் முறையிலும் இரவல் உண்டு என்பதை எவரேனும் ஒரு மாணவர் ஆய்வுப் பொருளாகக் கொண்டால் மகிழ்வேன்.

இப்போது உணர்ச்சிக்கு வருகிறேன். தோட்டத்து உருவப்படங்களைக் கண்காட்சியில் வைத்தால் வருவோர் சொல்லும் முதற்சொல் சோகம் என்பதாகும். யாரும் சிரிக்கவில்லை, எல்லார் முகமும் இருண்டிருக்கிறது, எவ்வளவு துன்பம் அனுபவித்திருப்பார்கள் என்று கண் கலங்குகிறார்கள். தோட்ட வாழ்வில் துன்பம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்துன்பத்தின் சான்றாக இப்படங்களைக் கொள்வதை நான் ஏற்பதில்லை. முகம் இருண்டதற்குத் தகடு காரணம். விறைத்ததற்கு மரபு காரணம். எஞ்சியது எதுவோ அதுவே அம்மனிதருடையது.

உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறேன். 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில் யூசுப் கார்ஷ் என்பவர் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் படம் எடுத்தார். இடுப்பில் கையூன்றி முறைத்து நிற்கும் அப்படம், போர்க்காலப் பிரிட்டனின் அஞ்சாமைக்கு அடையாளமாயிற்று. அந்த முறைப்பின் உடனடிக் காரணத்தைக் கார்ஷே சொல்லியிருக்கிறார்: படம் எடுக்கும் முன் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை அவர் பறித்துவிட்டார். அப்படியானால் அப்படத்தில் இருப்பது நாட்டின் வீரமா, சுருட்டை இழந்தவரின் எரிச்சலா? இரண்டும் என்றே கொள்ளலாம். ஆயினும் முகத்திலிருந்து மனத்துக்கு நேர்வழி ஒன்று இருப்பதாக எண்ணுவோர் இதனைச் சற்றே நினைவில் கொள்ளுதல் நலம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்வகையில் நமக்கு நல்ல கருவி. உள்ளத்து நிகழ்வது மெய்யில் புலப்படுவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் அச்சமும் நாம் இப்படங்களில் உடனே தேடிக் காண்பவை. நாம் தேடாதது பெருமிதம். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். இரவல் பேனாவைச் சட்டைப்பையில் செருகி, பெயரெழுத மட்டும் கற்ற ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி அமர்ந்திருக்கும்போது அங்கே சோகத்தைக் காண்பது நம் கண்ணின் வறுமை. அவர் தமக்குப் பின் வருவோர்க்குத் தாம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று முடிவு செய்து அமர்ந்திருக்கிறார்.

பெருமிதம் இல்லாத படங்களும் உண்டு. அவற்றை வேறாகப் பிரித்து வைக்க வேண்டும். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலின் படங்களை நினைவுகூருங்கள். அங்கே நிற்பவர் ஒரு குலத்தின் மாதிரி, ஆளுக்குப் பெயரில்லை. மலாயாவில் அச்சிட்ட பழைய அஞ்சலட்டைகளில் பால்மரத்தின் அருகே நிறுத்தப்பட்ட தமிழ்ப்பெண்ணுக்கும் அதே நிலைதான். பின்னர் அரசே ஒவ்வொருவரையும் படம் எடுக்கும் காலம் வந்தது. அதற்கு வித்திட்ட நிகழ்ச்சி நம் மாநிலத்திலேயே நடந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், பின் சூன் ஆகிய இரு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அவ்வாண்டே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை, நம் மக்கள் வழக்கில் ஐசி, அப்போது பிறந்ததாகும்.

அட்டைப் படத்தில் நிழலுக்கு இடமில்லை. முகம் நேராக, காது தெரிய, ஐயமற அடையாளம் காணும்படி இருத்தல் வேண்டும். அதன் முன் அமர்ந்தவர் எதிர்நோக்கியது பேரக்குழந்தைகளை அன்று; சாலைத் தடுப்பில் நிற்கும் காவலரை. அப்படங்களில் அச்சம் தென்பட்டால் நான் அதை நம்புவேன்.

ஆனால் இந்த இரு வகையும் பிற்காலத்தில் ஒரே சுவரில் கலந்துவிட்டன. நிலையத்துக்குச் சென்று படம் எடுக்க வாய்க்காதவர் இறந்தபோது, குடும்பத்தாரிடம் இருந்த ஒரே முகம் ஐசியில் இருந்த முகமே. அதை நகரில் கொடுத்துப் பெரிதாக்கி, மங்கிய கண்ணையும் புருவத்தையும் கரியால் தீட்டச் செய்து, சட்டமிட்டு, பொட்டு வைத்து மாலையிட்டார்கள். எண்ணுவதற்காக எடுக்கப்பட்ட முகம் வணங்குவதற்குரிய முகமாயிற்று. அரசின் வெளிச்சத்தில் பிடிபட்டவரை வீட்டார் தங்கள் விளக்கின் அடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். நம் மக்கள் நிழற்படத்துக்குச் செய்த இந்த ஒரு காரியத்தைப் பற்றித் தனி நூலே எழுதலாம்.

படத்தை வாசிக்கும் முறையைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். மூலபாட ஆய்வில் நாம் செய்வது என்ன? ஏடெழுதியவன் பிழை எது, சிதல் அரித்தது எது, புலவன் எழுதியது எது எனப் பிரிக்கிறோம். படத்திலும் அவ்வாறே செய்யலாம். உருப்பெருக்கியால் முதலில் கண்மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு வெண்புள்ளி இருக்கும். அது சதுரமாயின் பெரும்பாலும் சன்னல் வெளிச்சம், வட்டமாயின் விளக்கு. எத்தனை விளக்கு, எந்தப் பக்கம் என்பதும் தெரியும். மூக்கின் நிழல் எப்பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பொட்டும் உதடும் எவ்வளவு கறுப்பு என்று பார்த்தால் தகட்டின் வகையை ஊகிக்கலாம். கழுத்தையும் முகத்தையும் ஒப்பிட்டால் பவுடர் பிடிபடும். வயதுக்கேற்ற கோடுகள் இல்லையெனில் பென்சில் பிடிபடும். இவையெல்லாம் கழிந்த பின்னரே உணர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்போதும் கண் மட்டும் போதாது. மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பா, கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்ல மாந்தர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது என்ற கருத்தைச் சொல்கிறது. செவியையும் தொல்காப்பியர் சேர்த்தது இங்கே மிகவும் பயன்படுகிறது. படத்துக்குக் குரல் இல்லை. அதில் உள்ளவரோ அவரை அறிந்தவரோ பேசினால்தான் செவிக்கு வேலை உண்டு. கோலகங்சார் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்து, பின்னர் ஈப்போ அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருந்த மூதாட்டி ஒருவர் தம் மணக்கோலப் படத்தை என்னிடம் காட்டினார். கருஞ்சேலை, இறுகிய வாய், விரிந்த கண். உடனிருந்த பேத்தி, பாட்டிக்கு விருப்பமில்லாத கல்யாணம் போலும் என்றாள். மூதாட்டி சிரித்துவிட்டார். “கறுப்புன்னு யாரு சொன்னா தம்பி? அரக்குச் செவப்பு. எங்கப்பா ஈப்போவுல எடுத்துக் கொடுத்த கூறைச்சேலை,” என்று என்னிடம் கூறினார். வாய் ஏன் இறுகியிருக்கிறது என்று கேட்டேன். “அசைஞ்சா படம் கெட்டுப்போயிரும், மறுபடி காசு கேப்பான்னு அவரு சொல்லிட்டாரு. மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.” அவர் என்று குறிப்பிட்டது அருகில் நிற்கும் மணமகனை. அதன்பின் அப்படத்தை நான் பார்த்தபோது அந்தக் கண்களில் இருந்தது அடக்கிய சிரிப்பு என்றே பட்டது. பேத்திக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியே நிறமூட்டித் தருகிறது. கைப்பேசியில் ஒரு நொடியில் முடிகிறது. மாணவர்கள் அதில் மகிழ்வதை நான் குறைகூறவில்லை. ஆனால் அது செய்வது ஊகம். எண்ணற்ற பிற படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தால், இச்சாம்பல் இந்நிறமாகலாம் என்று அது இட்டு நிரப்புகிறது. தகடு சிவப்பைக் கறுப்பாக்கியது என்பது அதற்குத் தெரியாது. அம்மூதாட்டியின் கூறைச்சேலையை அது கறுப்பாகவோ பழுப்பாகவோ தீட்டும். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று நிழலை நீக்கி, கன்னத்தை மெழுகி, வேறொருவரின் கண்ணைப் பொருத்தினாலும் வியப்பில்லை. தவறான உரை எழுதப்பட்டாலும் மூலம் கைவசம் இருந்தால் அடுத்த உரையாசிரியர் திருத்துவார். நிறமூட்டிய படி கிடைத்ததும் மூலப்படத்தைக் குப்பையில் இடுவதுதான் நான் அஞ்சுவது. ஏற்கெனவே தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் லயத்தை விட்டு நகர்ந்தபோது பெட்டி பெட்டியாகப் படங்கள் தொலைந்தன. சுவரில் தொங்கியவை கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாயின.

ஆகவே இவ்வரங்கிலுள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, குடும்பத்தின் மிக மூத்தவரிடம் சென்று அமரட்டும். இருப்பவர் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு, எதற்காக எடுத்தது, சேலையின் நிறம் என்ன, அன்று வெயிலா மழையா என்று கேட்கட்டும். அவர் சொல்வதை அவர் சொன்ன பேச்சுமொழியிலேயே எழுதட்டும். செந்தமிழாக்க வேண்டா. படத்தை உள்ளவாறே நகலெடுத்த பின், பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரை மட்டும் எழுதி வைக்கலாம். மை வேண்டா, அது ஊறி முன்பக்கம் வந்துவிடும்.